ஒரு கெண்டைக்கால் மட்டும்

"ரெண்டு காலையும் நீட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அக்கா இஞ்ச் டேப்பை எடுத்தார்.

அத்தைக்கு இடுப்பு மூட்டு மாற்றி மூன்றாவது வாரம். முழங்காலுக்குக் கீழே, இரண்டு காலிலும் ஒரே உயரத்தில் டேப்பைச் சுற்றி அளந்தார்.

வலது கெண்டைக்கால் 3 செ.மீ.க்கு மேல் பெருத்திருந்தது.

"ஆபரேஷன் பண்ண கால், வீங்கத்தானே செய்யும்" என்றாள் அத்தை. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அன்றே, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். உள்ளே ஆழமாக ஓடும் சிரையில் ரத்தம் உறைந்திருந்தது.

அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலை அடைத்தால் உயிரே போகலாம். 1960களில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையை நிலைநிறுத்திய காலத்தில், நோயாளிகள் இறந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இதுதான்.

இப்போது ரத்தம் உறையாமலிருக்க 35 நாள் வரை மருந்து தருகிறார்கள். தையல் பிரித்ததும் எல்லாம் முடிந்தது என்று நிறுத்திவிடுபவர்கள் எத்தனை பேர்! சிரைக்குள் இருக்கும் ஆபத்துக்குத் தையல் கணக்கு தெரியாது.

ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டைக்கால் வலித்தால், அன்றே காட்டுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அத்தைக்கு இனி மூன்று மாதம் மாத்திரை. டப்பா என் பொறுப்பில்.