39 விண்ணப்பம், ஒரு டி.சி.

போன கிழமை கையெழுத்து வைத்தாயிற்று. 2027 செப்டெம்பரில் லண்டன் சட்ட நிறுவனம் ஒன்றில் ட்ரெயினிங் கொன்ட்ராக்ட் (சுருக்கமாக டி.சி., சொலிசிட்டர் என்ற வழக்கறிஞர் ஆவதற்கான இரண்டு வருடப் பயிற்சி வேலை) தொடங்குகிறது. மூன்று சீசன், 39 விண்ணப்பம், இரண்டு வாக் ஸ்கீம் (நிறுவனத்தில் சில கிழமை வேலை செய்து காட்டும் திட்டம்), ஒரு டி.சி. மிச்சம் 37 இல் 35 பேர் "இம்முறை மிகத் தரமான விண்ணப்பங்கள் ஏராளமாக வந்தன" என்று ஒரே அச்சில் வார்த்த மின்னஞ்சலை அனுப்பினார்கள். இரண்டு பேர் இன்னும் பதிலே போடவில்லை. அதில் ஒன்று 2022 இல் போட்டது. இப்போதும் காத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் யாராவது ஒரு மாமி பிடித்துக்கொள்வார். "தம்பி, இன்னும் லோயர் ஆகேல்லையோ?"

வாக் ஸ்கீமில் என்ன நடக்கும், ஏன் இரண்டு வருடம் முந்தியே ஆள் எடுக்கிறார்கள், ஆறு மாதப்படி நாலு சீட் (நிறுவனத்தின் நாலு பிரிவுகளில் மாறி மாறி இருப்பது) என்பதெல்லாம் இதை வாசிக்கிற பலருக்குத் தெரியும். எனக்குப் பிழைத்த இடங்களை மட்டும் எழுதுகிறேன். பிழைத்தது திரும்பத் திரும்ப ஒரே விஷயம்தான் என்று விளங்க எனக்கு மூன்று வருடம் எடுத்தது.

முதல் சீசன், இரண்டாம் ஆண்டு. 17 விண்ணப்பம். அதில் 11 நிறுவனங்கள் வாட்சன் கிளேசர் டெஸ்ட் (பந்தியை வாசித்துக் கூற்றுகளை எடைபோடும் தர்க்கச் சோதனை) வைத்தன. பதினொன்றிலும் அந்த டெஸ்டோடு கதை முடிந்தது. எனக்கு நம்பவே முடியவில்லை. பாடங்களில் நல்ல புள்ளி, மூட் கோர்ட்டில் (மாணவர்களின் மாதிரி வழக்காடும் போட்டி) அரையிறுதி வரை போனவன். நாற்பது கேள்வி, முப்பது நிமிடம், எல்லாம் இங்கிலீசில் சின்னச் சின்னப் பந்திகள். இதில் என்ன இருக்கிறது தோற்க?

யூனியில் (பல்கலைக்கழகத்தில்) தமிழ்ச் சங்கத்தில் தெரிந்த ஒரு அக்கா அப்போது ட்ரெயினியாக இருந்தா. ஒரு சனிக்கிழமை பக்கத்தில் இருந்து, நான் பயிற்சி டெஸ்ட் செய்வதைப் பார்த்தா. நான் ஒவ்வொரு விடையாகத் தொடும்போதும் ஒரே கேள்விதான்: "அது எங்க எழுதியிருக்கு?"

ஒரு பந்தி இப்படி இருந்தது என்று வையுங்கள். (உண்மையான கேள்வி இல்லை, அதே மாதிரி நான் செய்தது.) ஒரு கடையில் ஐந்து ஊழியர்கள். போன மாதம் மூன்று பேர் வேலையை விட்டார்கள். முதலாளி புது ஆள் தேடி விளம்பரம் போட்டிருக்கிறார். கூற்று: "முதலாளி ஊழியர்களைச் சரியாக நடத்துவதில்லை." நான் யோசிக்காமல் "பெரும்பாலும் உண்மை" என்று போட்டேன். ஏனென்றால் எனக்கு அந்தக் கடையைத் தெரியும்! அந்த முதலாளியையும் தெரியும்! சரியான விடை "தகவல் போதாது." மூன்று பேரும் யூனி தொடங்கிப் போயிருக்கலாம்.

பிழை வீட்டிலிருந்தே வருகிறது. எங்கள் வீட்டில் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை. ஊரிலிருந்து விடிய ஐந்து மணிக்குப் போன் வந்தால், எடுக்க முன்னமே அம்மா அழத் தொடங்கிவிடுவா. சின்னம்மா "சும்மாதான் எடுத்தனான்" என்றால் காசு தேவை. சொல்லாததைப் பிடிப்பதுதான் எங்களுக்குக் கெட்டித்தனம். வாட்சன் கிளேசரில் இது முழுக்கத் "தகவல் போதாது."

அக்கா சொல்லித் தந்ததும், பிறகு நானாகக் கண்டுபிடித்ததும்:

– ஐந்து பகுதிக்கும் ஐந்து அளவுகோல். ஒரே மூளையோடு ஐந்தையும் செய்யாதீர்கள்.
– இன்ஃபரன்ஸ் (ஊகம்): "உண்மை" முதல் "பொய்" வரை ஐந்து தெரிவு உள்ள பகுதி. "பெரும்பாலும்" என்பதற்குப் பொது அறிவு கொஞ்சம் உதவலாம், உங்கள் மாமாவின் கடை உதவாது.
– அசம்ப்ஷன் (அனுமானம்): சொன்னவர் அந்த விஷயத்தை நம்பாமலே அந்த வசனத்தைச் சொல்லியிருக்க முடியுமா? முடியுமென்றால் அவர் அதை அனுமானிக்கவில்லை.
– டிடக்ஷன் (தந்த கூற்றுகளிலிருந்து முடிவு கட்டாயம் வருகிறதா?): ஈவிரக்கம் இல்லாத பகுதி. "வெள்ளிக்கிழமைகளில் அம்மா மச்சம் சமைப்பதில்லை. இன்று அம்மா மச்சம் சமைக்கவில்லை. ஆகவே இன்று வெள்ளிக்கிழமை." பெறப்படாது. கந்தசஷ்டியாகவும் இருக்கலாம்.
– இன்டர்பிரிட்டேஷன் (விளக்கம்): தந்த முடிவு நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் பெறப்படுகிறதா? கிரிமினல் லோ படித்தவர்களுக்கு இது பழகிய அளவு.
– ஆர்கியுமென்ட் (வாதம்): நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பொருந்தி, கனமான காரணமாக இருந்தால் வலுவானது. மற்றதெல்லாம் பலவீனம்.

இருபது பயிற்சி டெஸ்ட் செய்து புள்ளி மட்டும் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. நான் மூன்றே மூன்று டெஸ்ட் எடுத்து, ஒவ்வொரு விடைக்கும் ஒரு வரி காரணம் கொப்பியில் எழுதினேன். காரணத்தில் பந்தியில் இல்லாத ஒரு சொல் வந்தால் சிவப்புக் கோடு. முதல் கொப்பி ரத்தக்களரி. அதற்குப் பிறகு ஒரு டெஸ்டிலும் விழவில்லை. இதை நான் கொஞ்சம் கூடுதலாக அழுத்திச் சொல்வது தெரிகிறது. 11 தடவை விழுந்தவன் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் விண்ணப்பம். இங்கே அதே பிழையைத் தலைகீழாகச் செய்தேன். டெஸ்டில் எழுதாததை வாசித்தவன், படிவத்தில் எழுத வேண்டியதை எழுதாமல் விட்டேன். அவர்களே ஊகித்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு.

முதலாவது, பின்னணி கேட்கும் பகுதி. பள்ளிக்கூடத்தில் இலவச மதிய உணவு பெற்றீர்களா, பெற்றோர் பல்கலைக்கழகம் போனவர்களா என்று கேட்பார்கள். முதல் சீசனில் எல்லாவற்றுக்கும் "சொல்ல விரும்பவில்லை." பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது. பல நிறுவனங்கள் ரேர் என்ற அமைப்பின் கணிப்பு முறையை வைத்திருக்கின்றன, அது உங்கள் ஏ லெவல் (உயர்தரப் பரீட்சை) பெறுபேற்றை உங்கள் பள்ளிக்கூடத்தின் சராசரியோடு ஒப்பிட்டுக் காட்டும் என்பது அப்போது தெரியாது. பன்னிரண்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்து, பி எடுப்பதே பெரிய விஷயமாக இருந்த பள்ளிக்கூடத்தில் ஏ, ஏ, பி எடுத்தவன் நான். அதை நானே மறைத்து வைத்துவிட்டு, ஒருவரும் கண்டுகொள்ளவில்லை என்று கோபப்பட்டேன். வெட்கப்படாமல் நிரப்புங்கள்.

இரண்டாவது, கடை வேலை. பதினாறு வயதிலிருந்து மாமாவின் கடையில் சனி, ஞாயிறு ரில்லில் (காசு வாங்கும் இடத்தில்) நிற்கிறேன். முதல் இரண்டு சீசனிலும் இதை "பகுதிநேர விற்பனை வேலை மூலம் தொடர்பாடல் திறன் வளர்ந்தது" என்று ஒரே வரியில் எழுதினேன். லட்சம் பேர் எழுதுகிற வரி. நடந்தது வேறு. ஒருநாள் கவுன்சில் அதிகாரி வந்து, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுவும் சிகரெட்டும் கொடுக்க மறுத்ததைப் பதியும் புத்தகம் எங்கே என்று கேட்டார். மாமாவிடம் இல்லை. மறுக்கிறோம், ஆனால் எழுதுவதில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. லைசென்ஸ் போனால் கடையே போச்சு. நான் ஒரு சி.ஆர். கொப்பி எடுத்துக் கோடு போட்டேன்: திகதி, நேரம், பொருள், காரணம், கையொப்பம். இருபத்தைந்துக்குக் குறைந்தவர் மாதிரித் தெரிந்தால் கட்டாயம் ஐ.டி. கேட்பது என்று ரில்லுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மச்சானுக்கும், புதிதாக வந்த பெடியனுக்கும் பழக்கினேன். ஆறு மாதத்தில் 143 மறுப்பு. அதிகாரி திரும்பி வந்து, புரட்டிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மூன்றாவது சீசனில் இதை இருநூறு சொல்லில் எழுதினேன். இன்டர்வியூவில் ஒரு பார்ட்னர் (நிறுவனத்தின் பங்காளி) கால்மணித்தியாலம் இதையே கேட்டார். மச்சான் எழுத மறுத்தால் என்ன செய்வாய்? பொய்யாக எழுதினால் எப்படிக் கண்டுபிடிப்பாய்? அவர் வங்கிகளுக்கு ஒழுங்குவிதி ஆலோசனை சொல்கிறவர். எங்கள் கொப்பியும் அவருடைய வேலையும் ஒரே சாதி.

"கொமர்ஷல் அவெயர்னஸ்" (வணிக உலக நடப்பை அறிந்திருப்பது) என்ற பூதத்தைப் பற்றி. தினமும் பொருளாதாரப் பத்திரிகை முழுக்க வாசி என்பார்கள். நான் செய்தேன், ஒன்றும் தலையில் நிற்கவில்லை. பிறகு ஒரே ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனேன். நான் பிடித்தது போஸ்ட் ஒபிஸ் ஹொரைசன் விவகாரம்: பிழையான கணினிக் கணக்கை நம்பி, உப தபாலகம் நடத்திய கடைக்காரர்கள் மீது காசு எடுத்ததாகப் பழி போட்ட கதை. கடைக்காரக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கு 2019 டிசம்பரில் 57.75 மில்லியன் பவுணுக்குச் சமரசமானது. வழக்குச் செலவும், வழக்குக்குக் காசு போட்டவர்களின் பங்கும் போக அவர்களுக்கு மிஞ்சியது கிட்டத்தட்ட 12 மில்லியன். இதென்ன அநியாயம் என்று தேடப் போய்த்தான் வழக்குகளுக்கு முதலீடு செய்யும் தொழில் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. அங்கிருந்து 2023 ஜூலை பக்கார் தீர்ப்பு. நட்டஈட்டில் இத்தனை வீதம் எமக்கு என்று போடும் நிதி ஒப்பந்தங்கள், உரிய விதிகளின்படி எழுதப்படாவிட்டால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை மாற்றக் கொண்டுவந்த சட்டமூலம் 2024 பொதுத் தேர்தலோடு அந்தரத்தில் நின்றது. காசு போடுகிறவனுக்குப் பயம், நிறுவனத்துக்கு வேலை. மூன்றாவது சீசனில் போட்ட ஏழு விண்ணப்பத்திலும் இதைத்தான் எழுதினேன், ஒவ்வொரு நிறுவனத்தின் வழக்குப் பிரிவுக்கும் பொருத்தி. எனக்கு ஒன்றை ஆழமாகப் பிடிக்கிற புத்தி. பரவலாக மேய்கிறவர்களுக்கு வேறு வழி இருக்கலாம்.

இரண்டாவது சீசனில் 15 போட்டு ஒரு வாக் ஸ்கீம் கிடைத்தது. இரண்டு கிழமை, சம்பளத்தோடு. டி.சி. கிடைக்கவில்லை. ஏன் என்பதை இப்போது சிரித்துக்கொண்டு சொல்லலாம். மூன்றாம் நாள் ஒரு அசோசியேட் (நிறுவனத்தில் வேலை செய்யும் வழக்கறிஞர்), இந்த ஒப்பந்தத்தில் ஒரு வாசகத்தைப் பற்றிச் சின்னக் குறிப்பு ஒன்று எழுதித் தா, நாள் முடியமுன் தந்தால் போதும் என்றா. சின்னக் குறிப்பு என்று சொன்னாலும் என்னைப் பரீட்சித்துப் பார்க்கிறா என்று நானே முடிவுகட்டினேன். இரவு 8.40 க்குப் பதினொரு பக்கம், அடிக்குறிப்புகளோடு அனுப்பினேன். அவவுக்குத் தேவைப்பட்டது, ஐந்து மணிக்குக் கிளையன்டுக்குப் போகும் மின்னஞ்சலில் ஒட்ட அரைப் பக்கம். கடைசியில் தந்த கருத்துரையில் இருந்தது: "கேட்டிருக்கலாம்."

மறுபடியும் அதே வியாதி!

அடுத்த வருடம் கிடைத்த வாக் ஸ்கீமில் வேலை தந்த ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்டேன். யார் வாசிக்கப் போகிறார்? எவ்வளவு நீளம்? எத்தனை மணிக்கு? அலுப்பூட்டுகிறேனோ என்று பயந்தேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கேஸ் ஸ்டடியிலும் (ஆவணங்களைத் தந்து ஆலோசனை கேட்கும் தேர்வு) இதேதான்: தந்த ஆவணங்களில் ஒரு விபரம் இல்லையென்றால் இட்டு நிரப்பாதீர்கள், "இது இல்லை, கிளையன்டிடம் கேட்பேன்" என்று சொல்லுங்கள்.

மிச்சம் அவசரமாக:

– ரோலிங் என்று போட்டிருந்தால் கடைசித் திகதி வெறும் அலங்காரம். வரவர வாசித்து இடத்தை நிரப்புவார்கள். முதல் வருடம் எல்லாவற்றையும் டிசம்பர், ஜனவரிக் கடைசி இரவுகளில் அனுப்பினேன். மூன்றாம் வருடம் ஏழும் ஒக்டோபருக்குள் போய்விட்டன.
– ஏழு போதும். 17 போட்டால் பதினேழும் ஒரே கடிதமாகத்தான் இருக்கும்.
– "ஏன் எங்கள் நிறுவனம்?" உங்கள் பதிலில் நிறுவனத்தின் பெயரை மாற்றிவிட்டு வாசியுங்கள். அப்போதும் பொருந்தினால் அழித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.
– சம்பளத்தைக் காரணமாகச் சொல்லாதீர்கள். புதிதாகத் தகுதி பெற்றவருக்கு மஜிக் சேர்க்கிளில் (லண்டனின் ஐந்து முன்னணி நிறுவனங்கள்) 2024 இல் 150,000 பவுண் ஆனது அவர்களுக்கும் தெரியும்.
– வீடியோ இன்டர்வியூவுக்கு முன் வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். என்னுடைய ஒன்றில் அம்மா தேங்காய் திருவுகிற சத்தம் முழு நீளத்துக்கும் இருக்கிறது.
– குரூப் எக்ஸசைஸில் (குழுவாகச் செய்யும் தேர்வு) நேரம் பார்க்கிறவனாக மட்டும் இருக்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள்.

டி.சி.தான் ஒரே வழி என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பட்டம் முடிந்து ஒரு வருடம் பாராலீகலாக (வழக்கறிஞர்களுக்கு உதவியாளர்) இருந்தேன். என்னோடு இருந்த ஒருத்தி டி.சி. இல்லாமலே சொலிசிட்டர் ஆகிவிட்டா. எஸ்.கியூ.ஈ. (சொலிசிட்டர் தகுதிப் பரீட்சை) இரண்டு பகுதியும் பாஸ், அதோடு தகுதியான வேலை அனுபவம் இரண்டு வருடம், நாலு இடம் வரை சேர்த்துக் காட்டலாம், சொலிசிட்டர் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும். பரீட்சைக் காசு அவவின் கையிலிருந்து போனது, எனக்கு நிறுவனம் கட்டுகிறது. வித்தியாசம் அங்கேதான். ஆனால் நான் முதல் சீட்டில் உட்கார முன்னமே அவ சொலிசிட்டர்.

போன் வந்தபோது நான் ரில்லில் நின்றேன். தெரியாத இலக்கம். இல்லை என்றால் மின்னஞ்சல்தான் வரும், போன் எடுத்தால் கிடைத்த மாதிரி என்று எல்லோரும் சொல்வார்கள். தகவல் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எடுத்தேன். பேசி முடியும்வரை வரிசையில் நின்ற கிழவர் பாலும் பாணும் கையில் வைத்தபடி பொறுமையாக நின்றார்.

மாமாவிடம் சொன்னேன். "அப்ப சனிக்கிழமை வரமாட்டியோ?" என்றுதான் முதலில் கேட்டார். 2027 வரை வருவேன். மறுப்புக் கொப்பி இப்போது நாலாவது. மச்சான்தான் எழுதுகிறான். நேரம் போட மட்டும் இன்னும் மறந்துவிடுகிறான்.