இறங்கி வந்த 54 படிகளும் நன்றி சொல்ல அலைந்த ஐந்து மாதமும்

எங்கள் கட்டடத்தில் தீப்பிடித்த அந்த ராத்திரியைப் பற்றி எழுத நாலைந்து தடவை உட்கார்ந்து, பாதியிலேயே விட்டுவிட்டேன். இப்போது எழுத முடிகிறது. எங்களைக் காப்பாற்றியவர்களைத் தேடிப்போய்ப் பார்த்து, நேரில் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம், அதனால்தான். அதற்கே ஐந்து மாதம் பிடித்தது. யாரைக் கேட்டாலும் எங்கே போய்க் கேட்பது என்று தெரியவில்லை. இதே எண்ணத்தோடு வேறு யாராவது இருந்தால் உதவட்டும் என்று நாங்கள் போன வழியை அப்படியே எழுதுகிறேன், ஆனால் அந்த ராத்திரியைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

கீழே மாடிப்படிக்கு அடியில் யாரோ மின்சார ஸ்கூட்டரை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார்கள். ராத்திரி இரண்டேகால் மணிக்கு அந்த பேட்டரி வெடித்தது. நாங்கள் மூன்றாவது மாடி, நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முட்டியும் வலி. சத்தம் கேட்டு எழுந்து வாசல் கதவைத் திறந்தேன், திறந்திருக்கவே கூடாது. புகை மெல்ல வரும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ கறுப்புச் சுவர் எழுப்பி வைத்தது போல நின்றுகொண்டிருந்தது, திறந்த அடுத்த நொடி உள்ளே சரிந்தது. ஒரே ஒரு மூச்சுதான் இழுத்தேன், தொண்டை பூட்டிக்கொண்டது. எப்படியோ கதவைச் சாத்திவிட்டு அவசர எண்ணுக்கு அடித்தேன்.

எடுத்தது ஒரு பெண். என்ன ஆச்சு என்று அவர் முதலில் கேட்கவில்லை, எங்கே இருக்கிறீர்கள் என்றுதான் கேட்டார். விலாசத்தைச் சொல்ல வைத்து, திரும்பவும் ஒரு தடவை சொல்ல வைத்து, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். நடுவில் லைன் அறுந்துபோனாலும் விலாசம் கையில் இருந்தால் வண்டி கிளம்பிவிடும், அதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. நான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறேன் என்றேன். "வேண்டாம் மேடம், படியில கால் வைக்காதீங்க, கதவு சாத்தியிருக்கா? வேற ரூமுக்குப் போங்க, அந்த ரூம் கதவையும் சாத்துங்க" என்றார். அதட்டலும் இல்லை, கொஞ்சலும் இல்லை, அப்படி ஒரு குரல். துண்டை நனைத்துக் கதவிடுக்கில் திணிக்கச் சொன்னார். தெருப் பக்கம் ஜன்னல் இருந்தால் அதைத் திறந்து மொபைல் லைட்டை ஆட்டச் சொன்னார், அம்மாவைத் தரையோடு உட்கார வைக்கச் சொன்னார்.

வண்டி வருவதற்கு முன்பே எங்களைக் காப்பாற்றியது அந்தக் குரல்தான். கீழே தீ எரியும்போது மாடிப்படிக் கூடம் புகைபோக்கியாக மாறிவிடும், சூடும் புகையும் அதன் வழியாகத்தான் மேலே ஏறும். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ரத்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அடர்த்தியான புகையில் சில மூச்சுகளிலேயே ஆள் சுருண்டு விழலாம். நான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருந்தால் இரண்டாவது மாடியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன்.

"நான் லைன்லயே இருக்கேன்" என்றார், அப்படியே இருந்தார். பதினொரு நிமிஷம். நடுநடுவே அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். துண்டையும் மீறிப் புகை கசிந்து அந்த அறைக்குள்ளும் வர ஆரம்பித்தது, அம்மா விடாமல் இருமினார், இனி முடியாது என்று நான் நினைத்தபோது வாசல் கதவைத் தட்டும் சத்தம். "அவங்கதான், போய்த் திறங்க" என்றார் அந்தப் பெண். நான் போனை எங்கேயோ போட்டுவிட்டு ஓடினேன், ஒரு வார்த்தை சொல்லாமல்.

இரண்டு பேர் வந்திருந்தார்கள். மாஸ்க்குக்குப் பின்னால் முகமே தெரியவில்லை. மூச்சு இழுத்து விடும் சத்தம் மட்டும் கரகரவென்று கேட்டது. இளையவர் அம்மாவின் தலையில் கண்ணாடி வைத்த ஒரு முகமூடிப் பையை மாட்டினார், இன்னொருவர் எனக்கு மாட்டினார். அதிலிருந்து ஒரு குழாய் போய் அவர்களுடைய சிலிண்டரிலேயே சேர்ந்தது. அப்போது எனக்கு அதன் அர்த்தம் புரியவில்லை. அவர் முதுகில் இருந்த காற்றைத்தான் அம்மாவும் சுவாசித்தார். அவருக்கென்று அளந்து வைத்த காற்று அது.

கதவைத் திறந்ததும் கண் தெரியவில்லை. டார்ச் வெளிச்சம் ஒரு முழம்கூடப் போகவில்லை. அம்மா முதல் படியிலேயே நின்றுவிட்டார், முட்டி வலிக்குது, என்னால் இறங்க முடியாது என்று அழுதார். அந்தத் தம்பி அம்மாவின் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக் கிட்டத்தட்டத் தூக்கின மாதிரி பிடித்துக்கொண்டு, "அம்மா, 54 படி, நான் ஏறும்போதே எண்ணிட்டேன், நான் சொல்லச் சொல்ல ஒண்ணொண்ணா இறங்குங்க" என்றார். ஐம்பத்திநாலு. ஐம்பத்திமூணு. ஐம்பத்திரெண்டு. மாஸ்க்குக்குள்ளிருந்து வரும் அந்த எண்களைத் தவிர அந்த இருட்டில் வேறு எதுவும் இல்லை. இருபது படி இருக்கும்போது அவர் உடம்பிலிருந்து எங்கேயோ கீச்சென்று ஒரு விசில் ஊதத் தொடங்கியது, நிற்கவே இல்லை. அவர் எண்ணிக்கையை வேகப்படுத்தவில்லை. பத்தொன்பது, பதினெட்டு என்று அதே நிதானத்தில் சொல்லிக்கொண்டு வந்தார்.

வெளியே வந்ததும் நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் இரண்டடி பின்னால் போய், "தொடாதீங்க அக்கா, மேலெல்லாம் கரி" என்றார். எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. அதற்குள் ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள்.

ஆம்புலன்சில் இருந்தவர் அம்மாவின் விரலில் கிளிப் மாட்டினார், 98 என்று காட்டியது. நல்லாத்தானே இருக்கு, மாஸ்க்கை எடுத்துடலாமா, அம்மாவுக்கு மூச்சு முட்டுது என்று கேட்டேன். புகையில் மாட்டியவர்களுக்கு இந்த எண்ணை நம்பக் கூடாது என்றார். ரத்தத்தில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று சாதாரண கிளிப்புக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாதாம், ரத்தப் பரிசோதனைதான் சொல்லுமாம். வெறும் காற்றில் விட்டால் அந்த விஷம் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும், மாஸ்க் வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். இதையெல்லாம் ஓடுகிற வண்டியில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே பொறுமையாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் எங்களை ஒப்படைத்தார்கள், நான் ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் போய்விட்டார்கள், அடுத்த அழைப்பு.

அம்மாவை மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பு தேறியது. ஆனால் எந்தப் படியில் இறங்கினாலும் அம்மா வாய்க்குள் எண்ண ஆரம்பித்துவிட்டார். "அந்தப் பையன் முகத்தைக்கூடப் பார்க்கலையே" என்று தினமும் சொன்னார். அதுதான் என்னைக் கிளப்பியது.

முதலில் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். அவசர எண்ணுக்கு அடிக்கவில்லை, தயவுசெய்து நீங்களும் இதற்காக அடிக்காதீர்கள், அந்த நேரத்தில் வேறு யாரோ விலாசம் சொல்லத் தவித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே தேதி, நேரம், விலாசம் மூன்றையும் கேட்டு, பதிவேட்டைப் பார்த்துவிட்டு, அது நாங்கள் இல்லை என்றார்கள். அன்று அவர்கள் வண்டி வேறொரு அழைப்புக்குப் போயிருந்ததால் அடுத்த நிலையத்திலிருந்து வந்திருக்கிறார்கள். இது எனக்குத் தோன்றவே இல்லை. சரி என்று அங்கே போனால், தீப்பிடித்த ராத்திரி பணியில் இருந்த குழு நான் போன அன்று இல்லை, ஷிப்ட் மாறியிருந்தது. இரண்டாவது தடவையும் போய், எல்லோரும் வண்டியோடு கிளம்பிப் போயிருந்ததால் திரும்பினேன். மூன்றாவது தடவை நிலைய அலுவலரிடம் முன்கூட்டியே பேசி நாள் வாங்கிக்கொண்டேன், முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

ஆம்புலன்ஸ்காரர்கள் தனி. ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டேன், தர முடியாது என்றார்கள், அது நியாயம்தான். தேதி, நேரம், எந்த இடத்திலிருந்து எந்த ஆஸ்பத்திரி என்று எழுதி அவர்கள் அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பினால் அந்தக் குழுவுக்குப் போய்ச் சேரும். எங்கள் கடிதமும் அப்படித்தான் சேர்ந்தது.

கடிதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் முதலில் எழுதியதில் நீங்கள் தெய்வம், உங்கள் சேவை மகத்தானது என்றே ஒரு பக்கம் நிறைந்திருந்தது. அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அவன் என்ன செஞ்சான்னு எழுது, நான் இப்ப எப்படி இருக்கேன்னு எழுது" என்றார். கிழித்துவிட்டு அப்படியே எழுதினேன். தீயணைப்பு நிலைய அலுவலரும் பிறகு அதைத்தான் சொன்னார். யார் என்ன செய்தார் என்று குறிப்பாக எழுதினால் அதை அவரவர் பணிக் கோப்பில் வைப்பார்களாம். ஒரு பிரதி நிலையத்துக்கு, ஒரு பிரதி மேலதிகாரிக்கு, அவ்வளவுதான். பரிசு எதுவும் வாங்க வேண்டாம், பல இடங்களில் அவர்கள் வாங்கிக்கொள்ளக் கூடாது, சங்கடப்படுவார்கள்.

நாங்கள் போன நாள் மே 4. சட்டையில் சிவப்பும் நீலமுமாக ரிப்பன் குத்தியிருந்தார்கள், அன்று சர்வதேசத் தீயணைப்பு வீரர்கள் தினம். 1998 டிசம்பர் 2-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் லின்டன் என்ற ஊரில் காட்டுத்தீயை அணைக்கப் போன ஐந்து தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள், காற்று திடீரென்று திசை மாறியதில் தங்கள் வண்டியிலேயே தீயில் சிக்கி இறந்தார்கள், அதற்கப்புறம் தொடங்கியது இந்த நாள் என்று அலுவலர் சொன்னார். 2001 செப்டம்பர் 11-ஆம் தேதி நியூயார்க்கில் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்ததையும் சொன்னார், மற்றவர்கள் இறங்கி ஓடிவந்த படிகளில் ஏறிப்போனவர்கள் அவர்களில் பலர். அம்மா அந்த எண்ணை இன்னொரு தடவை கேட்டார்.

அந்தத் தம்பி வந்தார். இருபத்தாறு இருபத்தேழு வயதுதான் இருக்கும். அம்மாவைப் பார்த்ததும் "முட்டி எப்படிம்மா இருக்கு?" என்றார். அம்மா பேசவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருடைய உடையும் சிலிண்டரும் மாஸ்க்கும் சேர்த்து 20 கிலோவுக்கு மேல். நான் தூக்கிப் பார்த்தேன், நாலு படிகூட ஏற முடியாது என்னால். அந்த விசிலைப் பற்றிக் கேட்டேன். சிலிண்டரை 300 பார் அழுத்தத்தில் நிரப்புவார்கள், ஏறத்தாழ 55-க்கு இறங்கியதும் விசில் தானாக ஊதும், அதற்கு முன்பே வெளியே வந்திருக்க வேண்டும் என்பதுதான் முறை. இரண்டு பேர் சுவாசித்ததில், அதிலும் பயத்தில் அம்மா வேக வேகமாக மூச்சு விட்டதில், கணக்கைவிடச் சீக்கிரம் காலியாகியிருக்கிறது. "அப்புறம் ஏன் தம்பி வேகமா இறங்கலை?" என்றேன். "அம்மா முட்டி வலிக்குதுன்னாங்களே அக்கா" என்றார்.

தொடாதீங்க என்று சொன்னதற்கும் காரணம் சொன்னார். உடையில் படியும் கரியில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் 2022-இல் சேர்த்திருக்கிறது. அன்றைக்கு அந்தக் கரி என் மேல் படக் கூடாது என்று விலகியவர், அதைத் தன் உடம்பில் சுமந்துகொண்டு நின்றிருக்கிறார், இதைத் தெரிந்துகொண்டதற்கப்புறம் எனக்கு அந்த இரண்டடி ரொம்ப நாள் மனதில் நின்றது.

கிளம்பும்போது அவர் சொன்னார், "விட்டுட்டு வந்தப்புறம் என்ன ஆச்சுன்னு எங்களுக்குத் தெரியாது அக்கா. கெட்ட சேதின்னா எப்படியும் காதுக்கு வந்துடும். நல்ல சேதி வர்றதில்லை. அம்மா பொழைச்சாங்களான்னு ரெண்டு வாரம் யோசிச்சுட்டு இருந்தேன்." நானும் அதே இரண்டு வாரம் அவர் யாரென்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தப் போன் குரல் ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை நாள் வண்டியில் வந்தவர்களை மட்டும் தேடியிருக்கிறேன். அலுவலர் கட்டுப்பாட்டு அறையின் அலுவலக எண்ணைக் கொடுத்தார், கடிதத்தை அங்கேயும் அனுப்பினேன், என் எண்ணையும் எழுதியிருந்தேன். ஒன்பது நாள் கழித்து, பணி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், அவரே கூப்பிட்டார். முதல் வார்த்தையிலேயே குரலை அடையாளம் தெரிந்துவிட்டது. எனக்குப் பேச்சு வரவில்லை, அவர் அன்றைக்குப் போலவே காத்திருந்தார். அப்புறம், "கதவு தட்டுற சத்தம் வரைக்கும்தான் மேடம் எனக்குத் தெரியும்" என்றார்.

நான் அம்மாவை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, கதவைத் திறந்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். படிக்கட்டு வந்ததும் அம்மா என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு, போனை வாங்கி, தானே சொன்னார், ஐம்பத்திநாலிலிருந்து.