ஹம்ஸத்வனிக்குள் எத்தனை கார்டுகள்?

மெட்டு அமைந்தபின் அதன் கீழே எந்தக் கார்டுகளை, அதாவது ஒன்றாகச் சேர்ந்தொலிக்கும் எந்த ஸ்வரக் கூட்டங்களை, வைப்பது என்பதுதான் என் வேலையில் அதிக நேரம் பிடிக்கும் பகுதி. கார்டுகளை அமைக்கும் மேற்கத்தியக் கலையான ஹார்மனியைப் பாடமாகப் பயின்றேன். ராகங்களைப் பெரும்பாலும் கேட்டே கற்றேன். இரண்டும் ஒரே பாட்டில் மோதும்போது எதை விடுவது என்பதைக் காது உடனே சொல்லிவிடுகிறது. ஏன் அப்படிச் சொன்னது என்று அறியத்தான் கோட்பாட்டிடம் போகிறேன்.

மத்யமமும் தைவதமும் இல்லாத ஹம்ஸத்வனி ராகத்தை எடுத்துக்கொள்வோம். ஸட்ஜத்தை 'சி' என்று வைத்தால், அதன் ஐந்து ஸ்வரங்களுக்குள் அமையும் மேஜர், மைனர் கார்டுகள் மூன்றே: சி மேஜர், ஈ மைனர், ஜி மேஜர். பல்லவியின் முடிவில் ஸட்ஜம் நீளும் இடத்தில் எஃப் மேஜரை வைக்கலாம். ஸட்ஜம் அந்தக் கார்டிலும் உண்டு என்பதால் குரலோடு மோதாது, பாடமும் தடுக்காது. ஆனால் ராகம் விலக்கிய மத்யமத்தையும் தைவதத்தையும் அது ஒருசேரக் கொண்டுவருவதால், பாடகர் ஒரு ஸ்வரமும் பிசகாமல் பாடிக்கொண்டிருக்கும்போதே அவ்விரண்டும் உள்ள சங்கராபரண ராகத்தின் சாயல் படிந்துவிடும். காட்சிக்கு அந்தச் சாயல் தேவையென்றால் வைப்பேன். இல்லையென்றால் அடியில் ஒலிக்கும் பேஸை ஸட்ஜத்திலேயே நிறுத்தி, வயலின்களை மட்டும் ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையே நகர்த்துவேன்.

தோடி ராகத்தில் சிக்கல் வேறு வகை. அங்கே காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை; கமகத்தில் அசைந்துகொண்டே இருக்கிறது. கீபோர்டில் சி மைனரை அழுத்திப் பிடித்தால், அதன் அசையாத காந்தாரம் குரலின் காந்தாரத்தோடு உரசும். ஆகவே கார்டிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டு, ஸட்ஜ பஞ்சமத்தை மட்டும் விட்டுவைப்பேன். தம்புராவின் ஸட்ஜத் தந்தியிலிருந்து இயல்பாக எழும் அந்தர காந்தாரத்தைவிட (காந்தாரத்தின் உயர்ந்த வகை) அதற்கு ஈடான கீபோர்டின் மேஜர் காந்தாரம் ஏறத்தாழ 14 சென்ட் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) உயர்ந்தது என்பதால், அவ்விரண்டும் சேர்ந்து ஒலிக்கும் இடங்களிலும் இதே கவனம் வேண்டும்.

உள்ளுணர்வைப் பற்றி எங்கள் தொழிலில் சற்று மிகையாகவே பேசுகிறோம். அதில் பெரும்பகுதி, கேட்ட பாட்டுகள் விட்டுச்சென்ற பழக்கம். விரல்கள் யோசிக்காமல் சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று ஓடும்போது அதை நான் நம்புவதில்லை. அந்த வேளையில் கோட்பாடுதான் வேறு வழிகளை எடுத்துக் காட்டுகிறது.

இரு குரல்கள் இணையான ஐந்தாம் இடைவெளியில், அதாவது ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள தூரத்தை விடாமல், சேர்ந்து நகரக்கூடாது என்ற ஹார்மனி விதி, 1725இல் யோஹன் யோசெஃப் ஃபூக்ஸ் வியன்னாவில் வெளியிட்ட பாடநூலுக்கும் முந்தையது. அப்படி நகர்ந்தால் இரண்டும் தம் தனித்தன்மையை இழந்து ஒரே குரலாகிவிடும் என்பதே அதன் காரணம். ராகத்துக்குக் கீழே எனக்குப் பல சமயம் அந்த ஒரே குரல்தான் வேண்டும் என்பதால், செல்லோவையும் வயோலாவையும் தயங்காமல் ஸட்ஜ பஞ்சம இடைவெளியிலேயே சேர்த்து நடத்துகிறேன். நான்கு குரல் சேர்ந்திசை எழுதும்போதோ விதியைக் கண்டிப்பாகவே காக்கிறேன். அங்கே ஒவ்வொரு குரலும் தனியாகக் கேட்டாக வேண்டும்.