அம்மா நோட்டில் எழுதிக் கொடுத்தது

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சுக்கும் நினைவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மதுரையில் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்து, "பாத்துக்க ஒரு ஆள் வச்சுக்கங்க" என்றார்கள். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அப்போது தெரியாது. இப்போது ஆள் தேடிக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 76 வயது. நடுநிலைப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒரே பிள்ளை, நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். மாத்திரை கொடுக்கவும், சோறு பிசைந்து வைக்கவும், பிடித்து நடத்தவும் அம்மா என்னை விட்டார். குளிக்கவும் கழிவறைக்குப் போகவும் மட்டும் விடவில்லை. மருமகளிடமும் அதே கூச்சம். அந்தக் கூச்சம் அம்மாவின் உரிமை. உடம்புக்கு முடியவில்லை என்பதற்காக அதைப் பறிக்க யாருக்கும் அதிகாரமில்லை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களுக்கு போன் செய்தால் முதல் கேள்வி, 12 மணி நேரமா 24 மணி நேரமா. அடுத்தது, நர்ஸா அட்டெண்டரா. ஊசி, மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய், புண்ணுக்குக் கட்டு என்று இருந்தால் நர்ஸ் வேண்டும். குளிப்பாட்ட, உடை மாற்ற, ஊட்ட, கழிவறைக்குக் கூட்டிப் போக என்றால் அட்டெண்டர் போதும். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. பதிவுக் கட்டணம், முன்பணம், ஆள் ஒத்துவரவில்லை என்றால் எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாம் கொடுப்பதில் வேலை செய்கிறவர் கைக்கு எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள். பல இடங்களில் மழுப்புவார்கள், ஆனாலும் விடாதீர்கள். பாதிப் பணம் நடுவிலேயே நின்றுபோனால் அந்தப் பெண் நல்ல சம்பளம் கிடைக்கும் வேறு வீட்டுக்குப் போய்விடுவார். அப்புறம் அம்மா இன்னொரு புது ஆளிடம் முதலிலிருந்து கூச்சத்தை விட வேண்டும்.

முதலில் வந்த பெண் கெட்டவர் இல்லை. சுறுசுறுப்பானவர். ஆனால் கைக்குழந்தையிடம் பேசுவது போல, "பாட்டி, சமத்துல்ல, கையத் தூக்கு" என்பார். கதவு திறந்தபடி இருக்கும், தோளில் போனை இடுக்கிப் பேசிக்கொண்டே சேலையை அவிழ்ப்பார். அம்மா பகலில் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "நான் சாமான் இல்லடா" என்றார். மறுநாளே அந்தப் பெண்ணுக்கு உரிய பணத்தைக் கொடுத்து வேறு ஆள் கேட்டோம்.

அடுத்த ஆள் வருவதற்குள் அம்மா ஒரு காரியம் செய்தார். வலது கை நன்றாக இருந்ததால் ஒரு நோட்டு வாங்கிவரச் சொல்லி, தன்னை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தானே எழுதினார். கரும்பலகையில் எழுதிய அதே முத்து முத்தான எழுத்து, கொஞ்சம் நடுக்கத்தோடு.

"என்னை டீச்சர் என்று கூப்பிடலாம். தொடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். கதவைச் சாத்த வேண்டும். முகத்தை நானே கழுவுவேன், பல்லும் நானே தேய்ப்பேன். பகலில் டயப்பர் வேண்டாம். நைட்டி வேண்டாம். எனக்கு எதிரிலேயே என்னைப் பற்றி அடுத்தவரிடம் பேச வேண்டாம்."

அடுத்து வந்தவர் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். மாமியாரை வருஷக்கணக்கில் படுக்கையில் வைத்துப் பார்த்தவர். நாங்கள் வெளியே இருந்துகொண்டோம், அம்மாதான் தனியாகப் பேசினார். நோட்டைப் படித்துவிட்டு அந்த அக்கா கேட்டது ஒரே கேள்வி: "தலைக்கு ஊத்திக்கிறது செவ்வாய் வெள்ளியா டீச்சர்?" அம்மாவுக்கு அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

குளியலைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதில்தான் மரியாதை போவதும் நிற்பதும். முதல் சில வாரம் கட்டிலிலேயே துடைத்துவிடும் குளியல். எல்லாச் சாமானையும் முதலில் எடுத்து வைத்துக்கொள்வார். வெந்நீர், இரண்டு துண்டு, மாற்றுத் துணி, சோப்பு. பாதியில் சோப்பைத் தேடிப் போய் ஆளைத் திறந்தபடி விட்டுவிடக் கூடாது என்பதற்காக. மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, பெரிய துண்டால் உடம்பு முழுக்க மூடிவிடுவார். எந்த இடத்தைத் துடைக்கிறாரோ அந்த இடம் மட்டும் விலகும், துடைத்து ஈரம் ஒற்றியதும் மூடிவிடும். வெந்நீரில் முதலில் கை வைத்துப் பார்ப்பது அம்மா, அதுவும் வலது கையால். செயலிழந்த பக்கத்தில் சூடு உறைக்காமல் போகலாம், கொப்பளித்த பிறகுதான் தெரியும். முகத்தை அம்மா கழுவிக்கொள்வார். மார்பு, கை, முதுகு, கால் என்று போய், மறைவிடம் கடைசியில், தனித் துணி, புதுத் தண்ணீர். பெண்களுக்கு அங்கே முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும், இல்லையென்றால் சிறுநீர்த் தொற்று வரலாம். பல நாள் துணியை அம்மா கையிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்வார். நேரம் ஆகும், ஆகட்டும்.

நைட்டிக்கு வழி கண்டுபிடித்ததும் அக்காதான். எங்கள் தையல்காரரிடம் சொல்லி, முன்பக்கம் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த, கை அகலமான ரவிக்கையும், சுற்றிக் கட்டுகிற பாவாடையும் தைத்தோம். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளைப் பாதியாக வெட்டி ஓரம் அடித்தோம், தாவணி மாதிரி. கட்ட நேரம் ஆவதில்லை, உட்கார்ந்தபடியே போட்டுவிடலாம். போடும்போது முடியாத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில். இது தெரிந்த பிறகு தோள் வலிக்கிறது என்று அம்மா முனகவே இல்லை.

இதைச் சொல்லிக் கொடுத்தவர் பிசியோதெரபிஸ்ட். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தோம். வீட்டுக்கே வருகிறார்கள், கட்டணம் கிடையாது. தூக்கும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்கக் கூடாது, செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும் என்று எச்சரித்தார். சக்கர நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில், நல்ல கால் இருக்கும் பக்கமாகப் போட வேண்டும். சக்கரத்தைப் பூட்டி, அம்மா முன்னால் சாய்ந்து, மூன்று எண்ணி எழ வேண்டும். எண்ணுவது அம்மா. அவர் எண்ணினால்தான் தூக்குவோம். தட்டில் இடது பக்கம் வைக்கும் கறி அம்மா கண்ணில் படாததைக் கவனித்து, இந்த நோயில் அப்படி ஆவதுண்டு என்றும் அவர்தான் சொன்னார். அதுவரை பொரியல் பிடிக்கவில்லை போல என்று இருந்துவிட்டோம்.

டயப்பர் விஷயத்தில் அம்மா உறுதியாக இருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலி, அதைச் சுற்றி ஒரு திரை, கைக்கெட்டும் இடத்தில் கம்பியில்லாத காலிங் பெல். எழுந்ததும், சாப்பிட்டதும், படுக்கப் போகும் முன், இடையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அம்மா கேட்காமலேயே அக்கா வந்து நிற்பார். பெல் அடித்தால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் சட்டம். பகலில் துணி நனைவது மெல்லக் குறைந்துபோனது. ராத்திரிக்கு மட்டும் டயப்பர் போட அம்மாவே பிறகு சம்மதித்து, நோட்டில் திருத்தி எழுதினார்.

படுக்கைப் புண் பற்றி ஒரு வார்த்தை. படுத்திருப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டுவதும், காற்றடைத்த மெத்தையான ஏர் பெட்டும் தெரிந்த விஷயம். தினமும் வால் எலும்பும் குதிகாலும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்ப வேண்டும், வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் பாரம் படக் கூடாது, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வேலைக்கு வந்தவருக்கான மரியாதையைச் சொல்லாமல் விட முடியாது. அக்காவின் ஆதார் நகல் வாங்கினோம், தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் வீட்டு வேலையாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பித்தோம். இரண்டையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தோம். எங்கள் போன் எண்களையும் அவர் வீட்டுக்குக் கொடுத்தோம். அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் கிடையாது. பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், "என்ன ஆளுகன்னு விசாரிச்சியா?" என்று அவர் காதுபடக் கேட்டார். அந்தப் பேச்சு இந்த வீட்டில் வேண்டாம் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா, "என் உடம்பைத் தொட்டுக் கழுவுறவ. அவகிட்ட என்னத்த விசாரிக்கணும்?" என்றார். அவர் பேச்சை மாற்றிக்கொண்டார். சமையலும் பாத்திரமும் துணியும் அக்காவின் வேலையில் இல்லை, அம்மாவின் துணி மட்டும்தான். பல வீடுகளில் அட்டெண்டரை மெல்ல மெல்ல முழு வேலையாளாக்கிவிடுகிறார்கள். கடைசியில் அலுப்பு போய் இறங்குவது படுத்திருப்பவர் மேல்தான்.

முதியோருக்கான 14567 உதவி எண்ணும் கையில் இருக்கட்டும், கட்டணமில்லை, காலை 8 முதல் இரவு 8 வரை. பென்ஷன், சட்ட உதவி, வீட்டில் கொடுமை என்று எதற்கும் வழி கேட்கலாம். பெரியவர்களே நேரடியாகப் பேசலாம் என்பதால் அம்மாவின் போனிலும் போட்டு வைத்திருக்கிறேன்.

வாரத்துக்கு ஒருநாள் அக்காவுக்கு விடுப்பு. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது சேர்த்து இரண்டு நாள் கேட்டார், கொடுத்தோம். அந்த நாட்களுக்கு வரும் மாற்று ஆளிடம் அம்மாவே நோட்டை நீட்டிவிடுகிறார். மாற்று ஆள் முந்தின நாளே வந்து, அம்மா சரி என்றால், அக்கா குளிப்பாட்டும்போது ஒருமுறை கூட இருந்து பார்த்துவிட்டுப் போகிறார். அதற்கு அரை நாள் கூலி தனியாகக் கொடுத்துவிடுகிறோம்.