ஜன்னலை மறந்த நாளும் முப்பது புழுக்களும்

ஜூன் 3
பழ ஈப் புழுக்களுக்கு எந்த வாசனை அதிகம் பிடிக்கும் என்று பார்க்கத் தொடங்கியாயிற்று. பெட்ரி தட்டில் (வட்டமான ஆய்வகத் தட்டு) ஜெல்லி போன்ற அகரோஸ். ஒரு ஓரத்துக் கிண்ணத்தில் வாழைப்பழ மணமுள்ள அமைல் அசிட்டேட், எதிர் ஓரத்தில் வெறும் பாரஃபின் எண்ணெய், நடுவில் 30 புழுக்கள். மூன்று நிமிடம் கழித்து எண்ணினால் வாசனைப் பக்கம் 12, எதிர்ப்பக்கம் 15, நடுவில் 3. வாசனைப் பக்க எண்ணிக்கையிலிருந்து எதிர்ப்பக்கத்தைக் கழித்து, மொத்தத்தால் வகுத்தால் வருவது விருப்பக் குறியீடு: மைனஸ் 0.1. வாழைப்பழம் பிடிக்காதாம்!

ஜூன் 4
தட்டைத் திருப்பி வைத்ததும் குட்டு வெளிப்பட்டது. வாசனை எங்கே இருந்தாலும் ஜன்னல் பக்கம்தான் புழுக்கள் குறைவு. தீனி தின்னும் பருவத்துப் புழு வெளிச்சத்தைக் கண்டால் விலகிப் போகும். படித்ததுதான், மறந்துவிட்டேன். அட்டைப்பெட்டியால் மூடினேன்: 21, 5, நடுவில் 4. பதினாறை முப்பதால் வகுத்தால் 0.53. சரி, இப்போது நம்பலாம்.

ஜூன் 6
இன்று எத்தில் பியூட்டிரேட், இன்னொரு பழ மணம். எண்ணெயில் நூறில் ஒரு பங்காகக் கலந்து வைத்தபோது நேராகக் கிண்ணத்துக்கே வந்தன. கலக்காமல் அப்படியே வைத்தால் இன்னும் வேகமாக ஓடிவரும் என்று நினைத்தேன். பக்கம் வரை வந்தவை, கிண்ணத்தை நெருங்காமல் சற்றுத் தள்ளியே சுற்றிக்கொண்டிருந்தன. என் கணக்கிலோ இரண்டுமே 'வாசனைப் பக்கம்'!

புழுவின் தலையில் பக்கத்துக்கு 21 வாசனை நரம்பணுக்கள்தான். சில மணங்களுக்கு, செறிவு குறைவாக இருக்கும்போதே ஒரு நரம்பணு விழித்துக்கொள்ளும். செறிவு கூடக் கூட வேறு நரம்பணுக்களும் சேர்ந்துகொள்ளும். எந்த வாசனை என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு என்றும் கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 7
எடுக்க எளிதென்று புட்டிச் சுவரில் ஏறியிருந்த புழுக்களை எடுத்தேன். எந்த மணத்தையும் சட்டை செய்யவில்லை. கூட்டுப்புழுவாகப் போகிறவை, தீனி முடிந்தாயிற்று. ஒரு நாள் வீண்.

ஜூன் 9
இன்று எண்ணவில்லை. ஒரே ஒரு புழுவை லென்ஸில் பார்த்தேன். நகர்கிறது, நிற்கிறது, தலையை இடப்பக்கம் வீசிப் பார்க்கிறது, அப்புறம் வலப்பக்கம். மணம் கூடிய பக்கம் உடம்பைத் திருப்பிக்கொண்டு மறுபடி நகர்கிறது. தவறான பக்கம் திரும்பினாலும் அடுத்த வீச்சில் சரிசெய்துகொள்கிறது. மூன்று நிமிடம் முடிந்தபின் எண்ணுகிறவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

தட்டின் அடியில் கிண்ணத்தைச் சுற்றி ஐந்து வளையங்கள் வரைந்தாயிற்று. நாளை எந்தப் பக்கம் என்று எண்ணாமல், எந்த வளையம் என்று எண்ணப் போகிறேன்.