மண்டப ஓட்டுக்கடியில் குடியிருப்பவை

திருகோணமலையில் உள்ள நமது பாடசாலையின் பழைய மண்டபத்துக்கு ஓடு மாற்ற நமது சங்கத்தின் லண்டன் கிளை பணம் சேர்க்கிறது. வரவேற்க வேண்டிய வேலை. அதற்கு முன் அந்த ஓட்டுக்கடியில் குடியிருப்பவர்களைப் பற்றி இந்த மலரில் எழுத விரும்புகிறேன்.

பொழுது பட்டதும் ஓட்டு இடுக்குகளிலிருந்து சின்ன வௌவால்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்து மைதானத்துக்கு மேலே சுழலும். மாம்பழம் தின்னும் பெரிய வௌவால் வேறு. இவை கட்டைவிரல் அளவுதான், உணவு நுளம்பும் சிறு பூச்சிகளும். ஒருமுறை கீழே விழுந்து கிடந்த ஒன்றை விஞ்ஞான சேர் துணியால் பிடித்தெடுத்து, வாலையும் காலையும் இணைக்கும் மெல்லிய தோலை விரித்துக் காட்டினார். "பறக்கிறபோதே பூச்சியை இதாலே வாரி வாய்க்குக் கொண்டுபோகும். எலி என்று சொல்லாதேங்கோ பிள்ளைகள், எலிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்றார். கரும்பலகையில் அதன் பேரினத்தின், அதாவது நெருங்கிய இனங்கள் அடங்கிய கூட்டத்தின், பெயரையும் எழுதினார்: பிபிஸ்ட்ரெல்லஸ்.

அந்தப் பேரினத்துக்கும் திருகோணமலைக்கும் பழைய உறவு உண்டு. இலங்கையில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் கெலார்ட் 1852இல் அதன் ஓர் இனத்தை முதன்முதலாக விவரித்தார். பாகிஸ்தானிலிருந்து வியட்நாம் வரை காணப்படும் அந்த இனத்துக்கு, விலங்கியல் பதிவில் மூல இடமாக, அதாவது முதலில் விவரித்த மாதிரி கிடைத்த இடமாக, நிற்பது நமது ஊர். இதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்கிறார்களா?

லண்டனில் என் வீட்டுத் தோட்டத்துக்கு மேலே பறப்பதும் இதே பேரினம்தான். எடை ஐந்து கிராம் அளவு, ஓர் இரவில் 3,000 பூச்சிகள் வரை தின்னும். இங்கே நெடுங்காலம் ஒரே இனமென்று நினைத்திருந்தார்கள். 1990களில்தான் ஒன்று 45 கிலோஹேர்ட்ஸ் அளவிலும் மற்றது 55 அளவிலும் ஒலி எழுப்புவதை வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். நம் காதுக்கு எட்டும் எல்லை 20தான். ஒலியை மாற்றித் தரும் கருவியைப் பிடித்தால் டப் டப் என்று கேட்கும். பூச்சியை நெருங்க நெருங்க அது வேகமெடுத்து ஒரே இரைச்சலாகிவிடும். கேட்டுப் பாருங்கள், இரவே மாறிப்போகும்.

இங்கத்தைய பெண் வௌவால் இலையுதிர் காலத்தில் ஆணோடு இணைசேர்ந்து, விந்தணுவைக் குளிர்காலம் முழுக்க உடலில் காத்து, வசந்தத்தில்தான் கருவுறும். கோடையில் பெரும்பாலும் ஒரே குட்டி. இவ்வளவு மெதுவாகப் பெருகும் பிராணி ஒரு கூரையை இழந்தால் மீள வருடக்கணக்காகும். 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரித்தானியாவில் வௌவால் தங்குமிடத்தை அது வெறுமையாக இருக்கும்போதும் அழிக்க முடியாது.

சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். ஓட்டைக் கழற்றுமுன் குட்டிகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். தாய்கள் இரை தேடிப் போனபின் அடைத்தால் குட்டிகள் உள்ளேயே செத்துவிடும். புதுக் கூரையின் ஓரத்தில் விரல் நுழையும் அளவு இடுக்கு சிலவற்றை விடச் சொல்லுங்கள். அதற்கு மேலதிகச் செலவு வந்தால் அதை நான் தருகிறேன்.