மூடப்போகும் படத்தளத்திலிருந்து தோட்டத்துப் படங்களை மீட்கும் வேலை: இதுவரை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களின் பழைய படங்கள் நிறைய உள்ள ஒரு படப் பகிர்வுத் தளம் மூடப்போவதாக அறிவித்துவிட்டது. இங்கே ரப்பர்ப் பால்மரத்தை வெட்டி எண்ணெய்ச் செம்பனை நட்டார்கள்; பிறகு சில இடங்களில் செம்பனையையும் சாய்த்து வீடமைப்புக்குக் கொடுத்தார்கள். தொழிலாளர் குடியிருந்த லயமே இல்லாமல் போன தோட்டங்களுக்கு இந்தப் படங்கள்தான் மிச்சம். அவற்றை அழியவிட எனக்கு மனமில்லை. வீட்டுக் கணினியில் ஆர்க்கைவ் டீமின் 'வாரியர்' மென்பொருளை ஓட்டத் தொடங்கினேன்.

ஜேசன் ஸ்காட் என்பவர் 2009-இல் தொடங்கிய தொண்டர் குழுதான் ஆர்க்கைவ் டீம். அந்த ஆண்டு ஜியோசிட்டீஸ் என்ற இலவச வலைப்பக்கத் தளம் மூடப்பட்டபோதும், 2011-இல் பிரெண்ட்ஸ்டர் என்ற சமூக வலைத்தளம் பழைய படங்களை நீக்கியபோதும், அழியும் முன் முடிந்தவரை பக்கங்களை அள்ளி வைத்தவர்கள் இவர்கள். பிரெண்ட்ஸ்டர் அப்போது ஒரு மலேசிய நிறுவனத்தின் கையில்தான் இருந்தது.

வாரியரை விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினிபோல இயங்கும் மென்பொருள்) ஏற்றினால் போதும். எந்தப் பக்கங்களை எடுக்க வேண்டும் என்று மையக் கணினி ஒவ்வொரு தொண்டருக்கும் பங்கு பிரித்துத் தருகிறது. எடுத்தவை கடைசியில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்துக்குப் போகின்றன. ஒரே நேரத்தில் ஆறு வேலைகள் வரை ஓட்டலாம். நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். அவசரப்பட்டால் தளம் 429 ('கோரிக்கைகள் மிக அதிகம்') என்ற பதிலைத் தந்து, நம் இணைப்பையே தடுத்துவிடும். இன்னொன்றும் முக்கியம்: தளங்களை வடிகட்டும் இணைப்பில் இதை ஓட்டக்கூடாது. தடுப்பு அறிவிப்பே உண்மையான பக்கம்போலப் பதிவாகிவிடும்.

நம் வட்டார ஆல்பங்களை மட்டும் தனியாக டபிள்யூகெட் என்ற இறக்கும் நிரல் கொண்டு, இணையப் பக்கங்களைச் சேமிக்கும் வடிவமான வார்க் கோப்புகளாக எடுத்து வருகிறேன். கோயில் செயலவைத் தலைவர் வந்து பார்த்துவிட்டு, "படத்தை மட்டும் எடுத்து வைத்தால் போதாதா, தம்பி?" என்று கேட்டார். ஒரு படத்தைத் திறந்து காட்டினேன். பார்ப்பதற்கு யாரோ சிலர் வரிசையாக நிற்கும் படம், அவ்வளவுதான். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "நடுவில் நிற்பவர் எங்கள் தண்டல் தாத்தா, பின்னால் தெரிவது ஆயாக்கொட்டகை." தண்டல் என்றால் வேலையாட்களை மேற்பார்ப்பவர்; ஆயாக்கொட்டகை, பெற்றோர் வேலைக்குப் போனபோது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட இடம். அந்த வரிக்கு இன்னொருவர், அது மேல் தோட்டத்து ஆயாக்கொட்டகை என்று திருத்தியிருந்தார். "இதையும் சேர்த்து எடுங்க தம்பி," என்றார் தலைவர். படம் வெறும் கோப்பாக வந்தால் இந்த வரிகள் போய்விடும். ஆட்களும் இடமும் பெயரற்றுப் போவார்கள். வார்க் கோப்பிலோ பக்கமும் படமும், எடுத்த நாளும், தளம் தந்த பதிலும் ஒன்றாகவே நிற்கின்றன. என்னைக் கேட்டால், இந்த வேலையின் உயிரே அந்தக் கீழ்வரிகளில்தான் இருக்கிறது.

சிக்கலும் அங்கேதான். 'மேலும் காட்டு' என்று அழுத்தினால்தான் வரும் கருத்துகள் டபிள்யூகெட்டுக்கு எட்டுவதில்லை. அவற்றுக்கு உலாவியில் ஆர்க்கைவ்வெப்.பேஜ் நீட்சியைப் போட்டு, ஒவ்வொரு பக்கமாகத் திறந்து அழுத்திப் பதிவு செய்கிறேன். மெதுவான வேலை, ஆனால் பிறகு திறந்து பார்க்கும்போது எல்லாம் அப்படியே வருகின்றன.

பூட்டிய ஆல்பங்களைத் தொடுவதில்லை. அவை உரியவர்களின் சொத்து. தெரிந்த குடும்பங்களுக்குத் தகவல் சொல்லி, அவர்களே இறக்கிக்கொள்ளக் கற்றுக்கொடுக்கிறேன். தீமிதித் திருவிழா ஆல்பங்கள் முடிந்தன. தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆல்பங்களில் பாதி பாக்கி. கருத்துகள் அதிகம் உள்ளவற்றை முதலில் எடுக்கிறேன்.